வெள்ளை அட்டையும் புற்றுக்காளானும்: ஓர் ஒப்பியல் ஆய்வு

கம்பனை மில்டனோடு ஒப்பிட்டாகிவிட்டது. வள்ளுவரை உலகில் பேனா பிடித்த அத்தனை பேரோடும் ஒப்பிட்டாகிவிட்டது. சிலம்பையும் கிரேக்க நாடகத்தையும் அருகருகே நிறுத்திப் பல ஆய்வேடுகள் கண்டாகிவிட்டது. தலைப்புக் கிடைக்காத மாணவர்கள் நெறியாளர் வீட்டுத் திண்ணையில் காத்துக்கிடக்கும் இந்நாளில், பாக் நீரிணையின் சேற்றுமணலில் புதைந்து கிடக்கும் வெள்ளை அட்டையையும், மலையடிவாரத்துப் புற்றில் முளைக்கும் காளானையும் ஒப்பிட ஒருவரும் முன்வரவில்லை. தமிழ் ஆய்வுலகின் இப்பெருங்குறையைப் போக்கவே இச்சிற்றாய்வு. இதற்கு எந்த நிறுவனமும் நிதி நல்கவில்லை. கேட்கவும் இல்லை.

முன்னுரையில் நோக்கம், எல்லை, கருதுகோள் மூன்றும் இருக்க வேண்டும் என்பது மரபு. நோக்கம் மேலே சொல்லப்பட்டது. எல்லை: கிழக்கே மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும், மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, வடக்கும் தெற்கும் வாசகரின் பொறுமையைப் பொறுத்தவை. கருதுகோள்: இவ்விரு உயிர்களும் உருவில் வேறு, குணத்தில் ஒன்று. இது கட்டுரை முடிவதற்குள் நிறுவப்பட்டுவிடும் என்று இப்போதே உறுதி கூறலாம். கருதுகோள் பொய்த்துப்போனதாக ஒப்புக்கொண்ட ஆய்வேட்டை நாம் நூலகத்தில் கண்டதில்லை.

ஆய்வுக்குரியோர் இருவர். முன்னவரின் அறிவியல் பெயர் ஹோலோதூரியா ஸ்கேப்ரா. 1833-இல் யேகர் என்பவர் சூட்டியது. இராமநாதபுரம் கரையில் வெள்ளை அட்டை என்றால்தான் தெரியும். முதுகு கருஞ்சாம்பல், குறுக்கே சுருக்கங்கள், அவற்றில் மங்கிய மஞ்சள் வரிகள், வயிற்றுப்பக்கம் வெளுப்பு. நன்கு வளர்ந்தால் ஒரு முழத்தைத் தொடப் பார்க்கும். பின்னவர் டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் நடராஜன் 1979-இல் விவரித்துப் பெயரிட்டது. கறையான் புற்றில் முளைக்கும் காளான்களுக்கென்று 1942-இல் தனிப் பேரினத்தை அமைத்த பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்மைச் சிறப்பித்து வைத்த பெயர் அது. காட்டுக் காளானுக்குக் கடற்கரை நகரில் பெயர் வைத்தார்கள் என்பதை ஒற்றுமைகளின் பட்டியலில் முதலாவதாகக் குறித்துக்கொள்க.

உறவுமுறை

நம் வீடுகளுக்குப் புதிதாக ஒருவர் வந்தால் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'இவங்க நமக்கு என்ன முறை வேணும்?' ஆய்வும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

காய்கறிக் கடைக்காரர் காளானைக் காலிஃபிளவருக்குப் பக்கத்தில் அடுக்குகிறார். ஆங்கிலேயர் கடல் அட்டைக்கு வெள்ளரிக்காயின் பெயரை வைத்துவிட்டார். இவ்விருவரின் சாட்சியத்தையும் ஏற்றால் இரண்டும் காய்கறிகள். ஆய்வை இத்தோடு முடித்துக்கொண்டு பொரியலுக்குத் தேங்காய் துருவப் போகலாம். அற்றன்று. கடல் அட்டை விலங்கு. நட்சத்திர மீன் இருக்கும் முட்தோலிக் கூட்டத்தைச் சேர்ந்தது. காளானோ செடியும் அன்று, விலங்கும் அன்று, பூஞ்சை. உயிர்களின் வம்சாவளியில் செடிகொடிகள் முதலிலேயே தனிக்குடித்தனம் போய்விட்டன. அதற்குப் பின்னும் விலங்கும் பூஞ்சையும் ஒரே கூரையின் கீழ் இருந்து, சுமார் நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் பாகம் பிரித்துக்கொண்டன. காளானின் செல் சுவரில் இருப்பது கைட்டின். இறாலின் ஓட்டில் இருப்பதும் அதுவே. மரத்தின் செல்லுலோஸ் அதில் முதன்மையன்று. ஆகவே கடல் அட்டையும் காளானும் பங்காளிகள். கத்தரிக்காய்தான் அசலூர்.

இதன் சமூக விளைவுகள் சாமானியமானவை அல்ல. புரட்டாசி பிறந்ததும் கறிக்கடைகள் வெறிச்சோடுகின்றன, உணவகப் பலகையில் காளான் பிரியாணி ஏறுகிறது. ஒரு மாதம் விரதம் காத்தவர், இறாலின் ஒன்றுவிட்ட உறவைத் தயிர்ப் பச்சடியோடு சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுக்கிறார். காளானை அசைவத்தில் சேர்க்க வேண்டும் என்று இக்கட்டுரை கோரவில்லை. அந்தப் பகையைத் தாங்கும் வலு நமக்கு இல்லை. ஆனால் சில வீடுகளில் பாட்டிமார் காளானை அடுக்களைப் படி ஏற விடுவதில்லை. 'அது கறி மாதிரி இருக்கு' என்பார்கள். வகைப்பாட்டியலில் ஒரு வரி படிக்காமல் அவர்கள் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டார்கள் என்பதை எந்த ஆய்விதழும் பதிவு செய்யவில்லை.

கடல் அட்டை நமக்கு இன்னும் நெருங்கிய சொந்தம். கருவில் முதலில் திறக்கும் துளை வாயாக அமைவது நத்தை, நண்டு வகையறாக்களின் பொது வழக்கம். அது ஆசனவாயாக அமைந்து, வாய் பிறகு சாவகாசமாகத் திறப்பது முட்தோலிகளின் வழக்கம். முதுகெலும்புள்ளவர்களின் வழக்கமும் அதுவே. அதாவது இதைப் படிக்கும் நீங்களும் மணலில் கிடக்கும் அட்டையும் ஒரே முறைப்படி தொடங்கியவர்கள். வாயை முந்திக்கொண்டு திறப்பது நம் பரம்பரைக் குணம் அன்று, பின்னால் பழகியது.

தொல்காப்பியர் எங்கே நிற்கிறார்?

மேனாட்டு வகைப்பாடு போதும் என்று நிறுத்தினால் தேர்வாளர் விடமாட்டார். மரபியலில் தொல்காப்பியர் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குகிறார். புல்லும் மரமும் தொடு உணர்வு ஒன்றே உடையன. நத்தை, சிப்பி வகைகளுக்குச் சுவையும் சேர்ந்து இரண்டு. கறையானுக்கும் எறும்புக்கும் மோப்பமும் சேர்ந்து மூன்று. நண்டும் தும்பியும் நான்கு. விலங்குகள் ஐந்து. மனிதருக்கு மனம் சேர்ந்து ஆறு.

காளானும் அட்டையும் இதில் எங்கே என்று வினவின், காளானை ஒன்றிலும் அட்டையை இரண்டிலும் வைப்பதே முறை என்பது நம் துணிபு. அட்டைக்குக் கண் இல்லை, செவி இல்லை. வாயைச் சுற்றி இருபது உணர்கொம்புகள் உண்டு. அவற்றால் மணலை அள்ளி, தடவி, உள்ளே தள்ளுகிறது. ஊறும் சுவையும் அங்கே அடங்கின.

இந்த அடுக்கில் மூன்றாம் படியில் நிற்கும் கறையானை வாசகர் நினைவில் வைக்க வேண்டுகிறோம். பின்னால் அது வந்து நம் எல்லாரையும் தலைகுனிய வைக்கப் போகிறது.

சுவாசம்

நாகரிகம் கருதிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டிய இயல் இது. ஆயினும் விஷயம் பெரியது.

வெள்ளை அட்டைக்கு நுரையீரல் இல்லை, செவுளும் இல்லை. உடலுக்குள் குடலின் கடைக்கோடியிலிருந்து இரண்டு கிளைத்த குழாய்கள் முன்னோக்கி ஓடுகின்றன. அவற்றுக்குச் சுவாச மரங்கள் என்று பெயர். அட்டை தன் ஆசனவாயைத் திறந்து கடல்நீரை உள்ளே இழுக்கிறது; மரங்கள் உயிர்வளியை எடுத்துக்கொள்கின்றன; நீர் வந்த வழியே திரும்புகிறது. காட்டில் முளைக்கும் காளானுக்குள் மரம் கிடையாது. மரமே காணாத கடலில் கிடக்கும் அட்டைக்குள் இரண்டு மரங்கள் நிற்கின்றன. முல்லையும் நெய்தலும் திணைமயக்கம் கொள்ளும் இடம் இது என்று ஒரு குறிப்பு எழுதி வைக்கலாம். அதற்குமேல் இதை நீட்டினால் வைவா நாளில் மாட்டிக்கொள்வோம்.

இப்படி வாசல் திறந்து திறந்து மூடுவதால் வாடகை தராத குடியிருப்போரும் வந்து சேர்கிறார்கள். மெலிந்து நீண்ட ஒருவகை மீன், அட்டை மூச்சிழுக்கும் சமயம் பார்த்து, வாலை முதலில் நுழைத்துப் பின்பக்கமாகவே உள்ளே போய்விடும். பகலை அட்டையின் உடலுக்குள் கழித்து இரவில் இரைதேட வெளியே வரும். சில வகை மீன்கள் உள்ளேயே இருந்துகொண்டு வீட்டுக்காரரின் உறுப்புகளைக் கொறிப்பதும் உண்டு. அட்டைகளில் ஆக்டினோபைகா என்றொரு பேரினம் இதற்கெல்லாம் இடம் தருவதில்லை. அதற்கு ஆசனவாயைச் சுற்றி ஐந்து பற்கள் இருக்கின்றன. நம் வெள்ளை அட்டைக்கு அந்த ஏற்பாடு இல்லை. பல்லில்லாதவரின் வீட்டில் யார் வேண்டுமானாலும் புகுவார்கள்.

மூளை

இருவருக்கும் இல்லை.

புற்று

புற்றுக்காளானைப் பற்றிய எழுத்துச் சான்றில் முதலில் சிறுபாணாற்றுப்படையைச் சொல்ல வேண்டும். நல்லூர் நத்தத்தனார் ஒரு பாணன் வீட்டு வறுமையைக் காட்டும்போது, சமைத்து நாளான அடுக்களையையும், கறையான் அரித்த சுவரையும், அரித்த புழுதியில் பூத்த காளானையும் ஒரே காட்சிக்குள் கொண்டுவருகிறார். கறையானையும் காளானையும் சேர்த்துப் பார்த்த கண் அது. ஆயினும் அவர் சொல்லும் காளான் உள்ளே துளையுடையது. நம் டெர்மிட்டோமைசிஸின் காம்பு கெட்டியானது. ஆகவே அது வேறு இனம் என்று மறுக்கிறோம். புலவரை மறுக்காத ஆய்வுக்கு மதிப்பெண் குறையும்.

அடுத்த சான்று தரங்கம்பாடியிலிருந்து. டேனிஷ் மிஷனின் மருத்துவராக 1768-இல் அங்கே வந்திறங்கிய யோஹான் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயசின் மாணவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போகச் செடிகொடிகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். கறையான்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779-இல் வெளியானது. புற்றைத் தோண்டிப் பார்த்து, அதற்குள் பூஞ்சை வளரும் படுகைகள் இருப்பதை மேனாட்டு அறிவுலகுக்குச் சொன்ன முதல் ஆள் அவர்தான். காவிரிக் கரையில் மாடு மேய்த்தவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்கும். ஆனால் அவர்கள் ஆய்விதழுக்கு அனுப்பவில்லை.

கோனிக் கண்ட படுகை உருவாகும் விதம் இதுதான். கறையான் வேலைக்காரர்கள் இரவெல்லாம் காய்ந்த இலை, சருகு, மட்டைகளைக் கடித்து விழுங்குகிறார்கள். அது குடலுக்குள் அதிக நேரம் தங்குவதில்லை. பாதி செரித்தும் செரியாமலும் புற்றுக்குள் திரும்பி வந்து கழிக்கிறார்கள். அந்தக் கழிவை உருட்டி, அடுக்கி, மடிப்பு மடிப்பாக ஒரு படுகை கட்டுகிறார்கள். சருகோடு சேர்ந்து வயிற்றுக்குள் போன பூஞ்சை வித்துகள் படுகையில் முளைக்கின்றன. கறையானின் குடல் செரிக்க முடியாத மரச்சத்தை, அந்த லிக்னினை, பூஞ்சை பொறுமையாக உடைத்துக் கொடுக்கிறது. புதுக் கழிவு மேலே சேர்கிறது. நாட்பட்டுப் பக்குவமான அடிப்பகுதியைக் கறையான்கள் தின்கின்றன. படுகையை வெளியே எடுத்துப் பார்த்தால் பழுப்பு நிறத்தில், துளைகளோடு, லேசாக நொறுங்கும். அதன்மேல் குண்டூசித் தலையளவில் வெள்ளை மணிகள் சிதறிக் கிடக்கும். அந்த மணிகளும் கறையானுக்கு உணவு. அடுத்த விதைப்புக்கு விதையும் அவையே.

களை எடுப்பும் உண்டு. சைலேரியா இனக் களைப்பூஞ்சை ஒன்று இந்தப் படுகையில் எப்போதும் காத்திருக்கிறது. கறையான்கள் இருக்கும்வரை அது தலைதூக்குவதில்லை. கறையான்கள் புற்றைக் கைவிட்ட சில நாட்களில் கறுத்த விரல்களாக எழும்பிப் படுகை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். விவசாயி ஊரைவிட்டுப் போனால் வயல் என்ன ஆகும் என்பதற்குத் தனி விளக்கம் தேவையில்லை.

மழை வந்ததும்தான் இது வெளியே தெரிகிறது. படுகையிலிருந்து ஒரு நீண்ட காம்பு, வேர் என்றே தோன்றும் அளவில், மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. குடையின் உச்சியில் கூராக ஒரு முனை இருக்கிறது. இறுகிய மண்ணைப் பிளப்பதற்கு அது. வெளியே வந்து விரிந்தால் வெள்ளைக் குடை, ஓரத்தில் வெடிப்பு. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பார்கள் ஊரில். இடிக்கும் காளானுக்கும் நடுவே மழையும் கறையானும் இருப்பதைச் சொல்லாமல் விட்டார்கள், அவ்வளவுதான். முளைக்கும் இடம் தெரிந்தவர்கள் விடியுமுன் கூடையோடு போய் வந்துவிடுவார்கள். அந்த இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லும் வழக்கம் இல்லை. பறிக்கும்போது காம்பு பாதியில் முறிந்தால், உள்ளேயிருந்து காவல் கறையான்கள் ஆத்திரத்தோடு வருவதைக் காணலாம்.

இங்கே ஒரு முறையீட்டைப் பதிவு செய்வது ஆய்வாளரின் கடமை. புற்றைக் கட்டுவது கறையான். புற்றுக்குள் உழுவது, விதைப்பது, களையெடுப்பது கறையான். உள்ளே விளைவது காளான். ஆனால் ஆடி வெள்ளிக்கிழமை பாலும் முட்டையும் மஞ்சளும் போய்ச் சேர்வதோ, எப்போதோ ஒருநாள் வந்து ஒதுங்கும் பாம்புக்கு. கட்டியவருக்கு இல்லாமல் குடிபுகுந்தவருக்குச் சிறப்புச் செய்யும் இந்த ஏற்பாட்டை எந்தப் பக்தரும் இதுவரை கேள்வி கேட்கவில்லை. அதே கறையான் நம் வீட்டு நிலைக்கதவுக்கு வந்தால் மருந்தடிக்க ஆள் கூப்பிடுகிறோம்.

கழிவு

கருதுகோள் நிறுவப்படும் இடம் இது. காளான் கறையானின் கழிவில் வாழ்கிறது என்று கண்டோம். வெள்ளை அட்டை எதில் வாழ்கிறது? கடற்புல் வளரும் சேற்றுமணலை அப்படியே விழுங்குகிறது. அதில் ஒட்டியிருக்கும் மக்கிய துணுக்குகள், நுண்ணுயிர்கள், மற்றவர் கழித்தவை எல்லாவற்றையும் செரித்துக்கொண்டு, மீதி மணலைச் சுத்தமாகப் பின்னால் விட்டுச் செல்கிறது. இளம் அட்டைகள் விடியும் நேரத்தில் மணலுக்குள் புதைந்து, பொழுது சாயும் வேளையில் மேலே வருகின்றன. புதைவதும் எழுவதுமாக அடிமணல் கிளறப்படுகிறது. அட்டை கழிக்கும் அம்மோனியா கடற்புல்லுக்கு உரமாகிறது.

ஆகவே இருவரும் பிறர் விட்டதை உண்டு, இருட்டில் இருந்து, தம் பக்கத்தில் உள்ளதைப் பக்குவப்படுத்தித் தருகிறார்கள். வெளியே தெரிவது கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்தில் யாராவது கூடையோடு வந்துவிடுகிறார்கள். உருவில் வேறு, குணத்தில் ஒன்று. நிறுவப்பட்டது.

உறுப்பை இழந்தும் தளராத குணமும் இருவருக்கும் பொது. காளானைப் பறித்தவர் அதன் உடம்பைப் பறிக்கவில்லை. உடம்பு இழைகளாகக் கீழே படுகையில் பத்திரமாக இருக்கிறது. அட்டையின் வழி இன்னும் துணிச்சலானது. பெரும் தொந்தரவு வந்தால் குடலையே வெளியே தள்ளிவிடும். சில வாரங்களில் புதுக் குடல் வளர்ந்துவிடும். கையில் எடுத்தால் முதலில் விறைக்கும், பின்பக்கத்திலிருந்து நீரைப் பீச்சும். தோல் மணற்தாளாக உராயும். தோலுக்குள் புதைந்திருக்கும் எண்ணற்ற சுண்ணாம்புத் துணுக்குகளே காரணம். நுண்ணோக்கியில் அவை மேசையாகவும் பொத்தானாகவும் தெரிகின்றன. அந்த வடிவங்களை வைத்தே இனத்தைப் பிரிக்கிறார்கள். விறைப்பதும் தளர்வதும் தசையின் வேலை மட்டுமன்று. அதன் தோலில் உள்ள கொலாஜன், நரம்பின் கட்டளைக்கு இணங்க இறுகவும் இளகவும் வல்லது. கழுத்துவலிக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய இடம்.

சமையல்

சுருக்கமாக முடிக்கலாம். புற்றுக்காளான் பறித்த அன்றே அடுப்பேற வேண்டும். மறுநாள் காலையில் அது காளானாக இருக்காது. சின்ன வெங்காயமும் மிளகும் போதும். மசாலாவை அள்ளிக் கொட்டுகிறவர்களுக்குப் பட்டன் காளானே மிகை.

வெள்ளை அட்டைக்கோ காலம் ஒரு பொருட்டன்று. குடலை அகற்றி, அவித்து, மணலில் புதைத்து மேல்தோலின் சுண்ணாம்புப் படலத்தை இளக்கி, தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்து, வெயிலில் கல்லாகக் காயவைத்தால் வருடக்கணக்கில் கெடாது. சீனச் சமையலறையில் அதை நாட்கணக்கில் ஊறவைத்துப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். தனக்கென்று பெரிய ருசி ஒன்றும் கிடையாது. சாற்றின் ருசியை வாங்கிக்கொண்டு, வாயில் வழுக்கிக்கொண்டு இருக்கும். அந்த வழுக்கலுக்குத்தான் விலை. நம் கரையில் அவித்துக் காயவைத்தவர்களில் அதைத் தின்று பார்த்தவர்கள் மிகக் குறைவு. சீன விருந்துகளில் கடல் அட்டையை ஷீட்டாக்கே காளானோடு சேர்த்து மெல்லிய தீயில் சமைப்பது சாதாரணம். நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் பாகம் பிரிந்த பங்காளிகள் ஒரே சட்டியில் சேர்கிறார்கள்.

வளர்ப்பும் சட்டமும்

இதுவரை சொன்னதெல்லாம் இதற்கு முன்னோட்டம்.

1988-இல் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வு மையத்தில், டி.பி. ஜேம்ஸ் என்ற அறிவியலாளரும் அவர் குழுவினரும் வெள்ளை அட்டையைத் தொட்டியில் முட்டையிடச் செய்து குஞ்சுகளை வளர்த்தெடுத்தார்கள். உலகில் இந்த இனத்துக்கு அது முதல் முறை. செய்முறை கேட்க எளிது. தொட்டி நீரின் வெப்பத்தைச் சில டிகிரி கூட்டினால் ஆண் அட்டை முன்பாதியைத் தூக்கி நிறுத்தி மெல்ல ஆடத் தொடங்கும். விந்தை நீரில் கலக்கும். பின் பெண் அட்டைகள் முட்டைகளை விடும். பொரிக்கும் குஞ்சு அட்டையாகவே இராது. கண்ணாடி நிறத்தில் நீந்தித் திரிந்து, நுண்பாசி தின்று, இரண்டு மூன்று வேடம் மாற்றி, சுமார் இரண்டு வாரத்துக்குப் பிறகு எதன்மேலாவது ஒட்டிக்கொண்ட பின்புதான் அட்டை என்று சொல்லிக்கொள்ளும். இந்தப் பருவங்களைத் தாண்டவைப்பதே வித்தை. அந்த வித்தை தூத்துக்குடியில் கைவந்தது. பிறகு வியட்நாமில் குளங்களிலும், மடகாஸ்கரில் கடலோர வேலிகளுக்குள்ளும் அட்டை வளர்க்கிறார்கள்.

இங்கே என்ன நடந்தது? 75 மில்லிமீட்டருக்குக் குறைந்த அட்டையை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று 1982-இலேயே ஒரு விதி வந்தது. அது போதவில்லை. சங்கு குளிப்பவர்களும் இழுவைவலைக்காரர்களும் அள்ளிய அளவில் கடற்படுகை காலியானது. 2001-இல் எல்லா இனக் கடல் அட்டைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கும் அட்டவணை. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம். வலையில் தானாக வந்து விழுந்தாலும் கடலிலேயே திருப்பி விட வேண்டும். தொட்டியில் பொரித்த குஞ்சு, கடலில் பிடித்த தாய் என்ற வேறுபாடு சட்டத்துக்குத் தெரியாது; காய்ந்தபின் அந்த வேறுபாடு அதிகாரிகளுக்கும் தெரியாது. இரண்டும் ஒரே கறுத்த கட்டை.

பாக் நீரிணையின் அக்கரையில் கதை வேறு. இலங்கையில் உரிமம் பெற்று அட்டை பிடிக்கலாம், ஏற்றுமதி செய்யலாம். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார்க் கரைகளில் அட்டைப் பண்ணைகள் வரிசையாக நிற்கின்றன. பண்ணைக்கு அடைத்த வலைவேலிகள் தங்கள் படகுப் பாதையையும் மீன் வரும் வழியையும் மறிக்கின்றன என்று சிறுதொழில் மீனவர்கள் அங்கே போராடுகிறார்கள். அந்தக் குறையைத் தட்டிக்கழிப்பதற்கில்லை. இக்கரையில் ராமேசுவரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையே சாக்குமூட்டையில் அட்டை பிடிபட்ட செய்தி நாளிதழில் வந்தபடி இருக்கிறது. ஒரே கடல், ஒரே அட்டை. ஒரு கரையில் தொழில், மறுகரையில் வழக்கு. லட்சத்தீவில் 2020-இல் செரியபாணி திட்டைச் சுற்றி 239 சதுர கிலோமீட்டரில் கடல் அட்டைக்கென்றே ஒரு காப்பகம் அறிவித்தார்கள். உலகில் இவ்வகையில் முதலாவது. இந்த உயிருக்கு நம் நாட்டில் இரண்டு முதலிடங்கள்: பொரிக்க வைத்ததில் ஒன்று, காப்பகம் அமைத்ததில் ஒன்று. நடுவில் வளர்த்து விற்கும் இடம் மட்டும் காலி.

காளானுக்கு வருவோம். புற்றுக்காளான் வளர்க்க யாரும் தடை போடவில்லை. அட்டவணை இல்லை, உரிமம் இல்லை. வளர்த்துக் கொடுத்தால் சந்தை கையேந்தி வாங்கும். ஆனால் வணிக அளவில் வளர்க்க இன்றுவரை யாராலும் முடியவில்லை. பூஞ்சை இழையை ஆய்வகத்தில் வளர்க்கலாம். குடை விரிய வைப்பதுதான் கைகூடவில்லை. சீனாவின் யுன்னானில் இதே பேரினக் காளானுக்கு ஜீசோங் என்று பெயர், ஏகப்பட்ட கிராக்கி. அங்கே கறுப்புத்தோல் ஜீசோங் என்ற பெயரில் பண்ணையில் வளர்த்து விற்பது வேறொரு பேரினம். இதோடு அதற்குச் சொந்தம் பெயரளவில்தான்.

மூன்றாம் படியில் நிறுத்தி வைத்த கறையானை இப்போது அழைக்கலாம். சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்கக் காடுகளில், அது இந்தப் பூஞ்சையைப் பயிரிடத் தொடங்கியது. மூன்றறிவு உடையது அன்று முதல் இடைவிடாமல் செய்துவருவதை ஆறறிவு உடையவர் சந்தைக்கு வரும் அளவில் ஒருமுறைகூடச் செய்து காட்டவில்லை. வளர்க்கத் தெரிந்த அட்டையை வளர்க்க நமக்கு அனுமதி இல்லை. வளர்க்க அனுமதி உள்ள காளானை வளர்க்கத் தெரியவில்லை. இவ்வொப்பியல் ஆய்வு கண்ட ஒரே உருப்படியான முடிவு இதுதான்.

தடையை எடுத்துவிடுங்கள் என்று கேட்பது எளிது. அது பொறுப்பற்ற பேச்சு. காலியான கடற்படுகைக்குக் காரணம் இருந்தது, தடைக்கும் காரணம் இருந்தது. ஆனால் பொரிப்பகத்துக் குஞ்சை அடையாளமிட்டு, கணக்கு வைத்து, ஒரு பங்கைக் கடலில் விட்டு, மறு பங்கை மீனவக் குடும்பங்கள் வளர்க்க அனுமதிப்பதற்குச் சட்டத்தில் ஒரு வாசல் வேண்டும். 1988-இல் கற்ற வித்தையை அறிக்கைக் கோப்பில் காயவைத்திருப்பது அட்டைக்கும் நன்மையில்லை, ராமநாதபுரத்துக்கும் நன்மையில்லை. இந்தக் கோரிக்கையை விளையாட்டாக எழுதவில்லை.

இதைப் படித்த உற்சாகத்தில் கூடையோடு கிளம்ப நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பழகியவர் கூடவந்து காட்டாத காளானைப் பறிக்காதீர்கள். வெள்ளைக் குடையெல்லாம் புற்றுக்காளான் அன்று, சிலவற்றைச் சாப்பிட்டவரை மருத்துவமனையாலும் மீட்க முடியாது. கடற்கரையில் அட்டை கரையொதுங்கிக் கிடந்தால் சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். உயிரோடிருந்தால் கடலில் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.